பெட்ரோல் வால்வில் ஒரு சிவப்புத் துணி

போன தை மாதம் டில்லி போன் செய்தான். நான் ஓட்டிய டேங்கர் லாரியை இப்போது ஓட்டுகிறவன். நாற்பது வயதாகிறது, பெண்ணுக்கு வரன் பார்க்கப் போகிறான். இருந்தாலும் எனக்கு அவன் 'அவன்'தான்.

"அண்ணே, பின்னாடி வால்வுல ஒரு செவப்புத் துணி கட்டிக்கீதே, அது இன்னா, திருஷ்டிக்கா? டெர்மினல்ல செக்கிங் ஆபீசர் இன்னாத்துக்குன்னு கேக்கறாரு. அறுத்துடட்டா?" என்றான்.

எந்த வால்வில் கட்டியிருக்கிறது என்று கேட்டேன். முதல் வால்வில், நீங்கள் கட்டியது கட்டியபடியே இருக்கிறது, தொடக்கூட இல்லை என்று பெருமையாகச் சொன்னான். முதல் சேம்பரில், அதாவது டேங்கின் முதல் அறையில், இன்று என்ன ஏற்றியிருக்கிறாய் என்றேன். டீசல். மூன்றிலுமே டீசல்தானாம், அறுவடை நேரமாயிற்றே என்றான்.

அந்தத் துணி முதல் வால்வுக்கு உரியதே அல்ல. பெட்ரோல் எந்த அறையில் இருக்கிறதோ அந்த வால்வுக்கு உரியது. லோடுக்கு லோடு அவிழ்த்து மாற்றிக் கட்ட வேண்டியதை இவன் சாமிக் கயிறாக்கி வைத்திருக்கிறான். குற்றம் அவன்மேல் இல்லை. ஓய்வு பெற்ற அன்று சாவியைக் கொடுத்தேன், ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தேன், கிளட்ச் கொஞ்சம் இழுக்கும் என்றுகூடச் சொன்னேன். துணியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொன்னால் என் தப்பையும் சொல்ல வேண்டும். வெட்கம். போனில் அவனுக்குப் பாதி சொன்னேன். மீதியை எல்லா டிரைவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

உத்திரமேரூர் வட்டாரத்துக்கு இருபத்தாறு வருஷம் பெட்ரோலும் டீசலும் கொண்டுவந்து ஊற்றியவன் நான். அதற்கு முன் நெல் லாரி, செங்கல் லாரி. டேங்கர் ஓட்டுவதற்கென்று மூன்று நாள் வகுப்பில் உட்கார வைத்தார்கள். சிவப்பு சிலிண்டரைக் கொடுத்துத் தீயை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன். படிப்பு முடிந்தது. மீதியை எல்லாம் பன்னிரண்டு மாதங்களும் மாற்றி மாற்றிக் கற்றுக் கொடுத்தன.

மற்ற லாரிக்காரனுக்கு முதலாளி வேலை சொல்வார். எங்களுக்கு வானம் சொல்லும். ஆடியில் வாரத்துக்கு இரண்டு லோடு கிடைத்தால் பெரிது. கல்யாணம் இல்லை, வீடு குடிபோவது இல்லை, கூழ் ஊற்றும் கோயில்களுக்கு வேன் ஓடுவதோடு சரி. எண்ணெய் ஏற்றும் டெர்மினல் வாசலில் லாரிகளை வரிசையாகப் போட்டுவிட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடுவோம். ஐப்பசி பிறந்து ஏரிக்குத் தண்ணீர் வரத் தொடங்கினால் வேலையின் குணமே மாறிவிடும். லோடு அதிகம் கூடாது, பயம் கூடும். பாலாறு வந்தால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பூமிக்கடியில் ஊற்று ஏறி, பெட்ரோல் பங்கின் தொட்டிக்குள் தண்ணீர் கசியும். அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவித் தொட்டிக்குள் இறக்குவார்கள். தண்ணீர் பட்ட உயரத்துக்கு அந்தப் பசை சிவந்துவிடும். ஒரு விரல் அகலம் சிவந்தாலும் அன்று லோடு இறக்க முடியாது, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

சித்திரையில் பெட்ரோலே வேறு ஆளாகிவிடும். வெயிலில் பொங்கி நிற்கும், பூமிக்கடியில் போனதும் சுருங்கும். சேம்பர் மூடியைத் திறந்தால் மேலே காற்று நெளிவது கண்ணுக்குத் தெரியும். அந்த நெளிவைப் பார்த்துவிட்டு நான் எத்தனையோ நாள் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். பன்னிரண்டாயிரம் லிட்டர் நெருப்பை முதுகில் வைத்துக்கொண்டு, ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால் பிரேக் போடுகிற பிழைப்பு. நினைத்தால் எனக்கே இன்னும் மலைப்புதான்.

எல்லாவற்றையும் விடப் பெரியது தையும் மாசியும். சம்பா அறுவடை. ஆத்தூர், நாமக்கல் பக்கத்திலிருந்து அறுவடை மெஷின்கள் வந்து இறங்கும். இருபது பேர் நாள் முழுக்கக் குனிந்து அறுக்கிற வயலை ஒரு மெஷின் ஒரு மணி நேரத்தில் மென்று, நெல்லைத் தனியாகவும் வைக்கோலைத் தனியாகவும் துப்பிவிட்டு அடுத்த வரப்பைத் தாண்டும். குடிப்பது எல்லாம் டீசல். சாதாரண நாளில் என் லாரியின் மூன்று சேம்பர்களில் பெரும்பாலும் முதலாவதில் பெட்ரோலும் மற்ற இரண்டில் டீசலும் வரும். அறுவடையில் மூன்றிலும் டீசல். ஒரு நாளைக்கு ஒரு லோடு போய் இரண்டு லோடு. லாரியிலேயே நாஷ்டா, லாரியிலேயே குட்டித் தூக்கம். ஏரிக்கரை மேல் வரும்போது கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் கதிர் மஞ்சளாகச் சாய்ந்திருக்கும். அடுத்த நடை வரும்போது பாதி வயல் மொட்டையாக இருக்கும். நான் கொண்டுவந்த டீசல்தானே இது என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அப்போதெல்லாம் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அந்தத் தலைக்கனத்தை வளரவிடாமல் பார்த்துக்கொண்டவர் வரதராஜன் சார். உத்திரமேரூர் எல்லையில் இருந்த ஒரு பங்கின் மேனேஜர். சம்பளம் கொடுப்பது லாரி முதலாளிதான் என்றாலும், லாரி பங்குக்குள் நுழைந்துவிட்டால் அதிகாரம் சாருடையது. சமதளத்தில் நிறுத்தச் சொல்வார். சக்கரத்துக்குக் கட்டை வைத்ததும் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எர்த் வயரின் கிளிப்பை அவரே மாட்டி, ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். பிறகு பத்து நிமிஷம். ஆடி வந்த எண்ணெய் அடங்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அந்தப் பத்து நிமிஷமும் யாரோடும் பேச மாட்டார். மந்திரியே வந்தாலும் பத்து நிமிஷம் பத்து நிமிஷம்தான்.

அடுத்தது சீல் நம்பர். அவர் படிப்பார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்தது ஒவ்வொரு சேம்பரிலிருந்தும் கண்ணாடி ஜாடியில் சாம்பிள். அதில் அடர்த்தி பார்க்கும் மிதவையையும் தெர்மாமீட்டரையும் இறக்குவார். ஜாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அவர் தரையில் வைத்துவிட்டு முழங்காலை மடித்து, கண்ணை ஜாடி மட்டத்துக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் ஏன் சார் இவ்வளவு கஷ்டம் என்று கேட்டதற்கு, அது மேலே வந்தால் ஆடும், நான் கீழே போனால் ஆடாது என்றார். கடைசியாக நான் ஹோஸ் மாட்டும்போது பக்கத்தில் நின்று, எந்த வால்வு, எந்தத் தொட்டி என்று பார்த்துவிட்டுத் தலையசைப்பார். அதற்குப் பிறகுதான் வால்வைத் திறக்கலாம்.

அவர் கத்தி நான் கேட்டதில்லை. பம்ப் பழுதானாலும், லோடு வராமல் போனாலும், பையன்கள் சொல்லாமல் லீவு போட்டாலும் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார். "சரி, அடுத்தது இன்னா?" என்பார். அவ்வளவுதான். பையன்கள் அவருக்கு 'அடுத்தது இன்னா' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

எட்டு வருஷம் முன்பு ஒரு மாசி. கடலில் காற்றழுத்தம், இரண்டு நாளில் மழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். அறுக்காத வயல் எல்லோருக்கும் வயிற்றில் நெருப்பு. பங்கில் டீசல் தீர்ந்து அரை நாளாகியிருந்தது. நாற்பது நாளாக மூன்று சேம்பரிலும் டீசலே கொண்டுவந்தவன், அன்று மட்டும் பெட்ரோலும் தீரும் நிலையில் இருந்ததால் முதல் சேம்பரில் பெட்ரோல் ஏற்றி வந்தேன். நானே பக்கத்தில் நின்று ஏற்றியதுதான். தெரியாமல் இல்லை.

காலை பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தபோது பங்கு தெரியவில்லை, மெஷின்கள்தான் தெரிந்தன. எண்ணினேன், பதினேழு. நடுவில் கேன்களோடு ஜனம். ஒரு மெஷினின் ஏணிப்படியில் ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். திருமுக்கூடல் தேவகி அம்மா. இரண்டு ஏக்கர் குத்தகைப் பயிர். அன்று மதியம் அந்த மெஷின் அவருடைய வயலுக்குப் போக வேண்டிய முறை. வேறு யாராவது அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்களோ என்று விடிந்ததும் பஸ் ஏறி வந்து படியைப் பிடித்துக்கொண்டார். இறங்கினால் முறை போய்விடும் என்று டீகூட அங்கேயே வாங்கிக் குடித்தாராம்.

சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் கத்தியது. பத்து நிமிஷம் பத்து நிமிஷமாகவே போயிற்று. சீல் பார்த்தோம். சாம்பிள் எடுத்தோம். முதல் சேம்பர் பெட்ரோல், ரெண்டு மூணு டீசல் என்று அவர் சொல்ல, நானும் திருப்பிச் சொன்னேன். அந்த நேரம் ரோட்டில் ஒரு மெஷின் குறுக்கே நின்று, பள்ளிக்கூட பஸ் ஒன்று மாட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தது. சார் அதை ஒதுக்கப் போனார். அவர் பக்கத்தில் இல்லாமல் நான் ஹோஸ் மாட்டியது அன்று ஒரு நாள்தான்.

வாய் சொன்னதைக் கை கேட்கவில்லை. நாற்பது நாளாக முதல் வால்வில் ஹோஸை மாட்டி டீசல் தொட்டியில் இறக்கிப் பழகிய கை, அன்றும் அதையே செய்தது. பங்கில் பெட்ரோல் வாடை யாருக்குப் புதிது? கடகடவென்று முழு சேம்பரும் இறங்கி முடிந்தது. காலியாகிவிட்டதா என்று பார்க்க மேலே ஏறி மூடியைத் திறந்தேன். வாடை கண்ணில் அடித்தது. டீசல் கண்ணில் அடிக்காது.

திறந்த மூடியைப் பிடித்தபடி லாரியின் மேலேயே நின்றேன். நாலாயிரம் லிட்டர் பெட்ரோல், டீசல் தொட்டிக்குள். இன்னும் யாருக்கும் தெரியாது. அதன் மேலேயே இரண்டு சேம்பர் டீசலையும் இறக்கிவிட்டால் கலந்துபோகும், எவன் கண்டுபிடிப்பான் என்று ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அந்தக் கலவையைக் குடித்தால் மெஷினின் பம்பு போய்விடும். பதினேழு மெஷினும் பதினேழு வயலின் நடுவில் செத்து நிற்கும். ஒரு பொறி பட்டால் அதைவிட மோசம். கீழே பார்த்தேன். தேவகி அம்மா படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் சாரிடம் சொன்னேன்.

"சார், பெட்ரோல டீசல் டேங்க்ல வுட்டுட்டேன்."

அவர் ஹோஸைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார், தொட்டியின் வாயைப் பார்த்தார்.

"முழுசாவா?"

"முழுசா."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். "நானும் நின்னு பாக்கல. சரி, அடுத்தது இன்னா?" என்றார்.

அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். டீசல் பம்புகளின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினார். ஜனத்தை ரோட்டுக்கு அப்பால் நகர்த்தினார். பங்கின் பதிவேட்டில் நடந்ததை எழுதி, தவறு செய்தவர்கள் என்று என் பெயரையும் தன் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். தன் பெயர் மேலே. பிறகு கம்பெனி ஆபீசருக்குப் போன். லாரியில் மிச்சமிருந்த இரண்டு சேம்பர் டீசல் சுத்தமானது, ஆனால் அதை ஊற்றத்தான் அங்கே தொட்டி இல்லை. வாலாஜாபாத் ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அதே கம்பெனியின் இன்னொரு பங்க் உண்டு. இரண்டு முதலாளிகளுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எதிராளி பங்குக்கு என் லோடைக் கொடுத்துவிடுகிறேன், அனுமதி கொடுங்கள் என்று சார் கேட்டு வாங்கினார். அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

அனுமதி வந்ததும் கூட்டத்தின் முன் போய் நின்று, நடந்தது இதுதான், இந்தத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டும் தர மாட்டேன், டீசல் அங்கே வருகிறது என்று மறைக்காமல் சொன்னார். ஆத்தூர் மெஷின்காரர் ஒருவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். படியில் இருந்தபடியே வானத்தைக் காட்டித் தேவகி அம்மா குரல் கொடுத்தார்.

"தா, சண்டைய அப்பால வச்சிக்கோ. மொதல்ல அந்தாள வண்டிய எடுக்கச் சொல்லு. மானம் கறுத்துக்கினு வருது."

சட்டை விடுபட்டது. நான் லாரியை எடுத்தேன், சார் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு மெஷின், அதன் பின்னால் இன்னொன்று, டீசல் வற்றியவற்றைக் கயிறு கட்டி இழுக்கும் டிராக்டர்கள், கேன் தொங்கும் பைக்குகள். நடந்தால்கூட முந்திவிடலாம், அந்த வேகம். பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் இரு பக்கமும் சாய்ந்த கதிர். வயலில் நின்றவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். தேர் நகர்வது போல் நகர்ந்தோம். முன்னால் போகிறவன் குற்றவாளி, பின்னால் வருகிறவர்கள் அவனால் கெட்டவர்கள். இருந்தும் ஒருவரும் பாதியில் பிரிந்து போகவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய ஊர்வலம் அதுதான். கண்ணில் தண்ணீர் வந்து ரோடு மங்கியது. "ரோட்டப் பாரு ஏகாம்பரம்" என்றார் சார்.

அங்கே போனதும் அதே சமதளம், அதே கட்டை, அதே எர்த் வயர். பத்து நிமிஷத்துக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அன்றுகூட ஒன்பதாகக் குறைக்கவில்லை, பத்துதான் ஆயிற்று. ஹோஸை அந்தப் பங்கின் ஆள் எடுக்க வந்தபோது சார் தடுத்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"நீயே மாட்டு."

இரண்டாவது வால்வில் மாட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தப்பு செய்த கையிலேயே மறுபடி வேலையைக் கொடுத்த அந்த மனுஷனை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

பதினேழு மெஷினும் டீசல் போட்டுக்கொண்டு போயின. ஆனால் போன நாலு மணி நேரம் போனதுதான். இரண்டு நாள் என்ற மழை மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. ஆபீசர்கள் வந்தார்கள், தொட்டியைக் காலி செய்தார்கள், என்னை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சாருக்கும் எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. அதெல்லாம் சரிதான். எனக்கு உறுத்தியது வேறு. தேவகி அம்மாவின் இரண்டு ஏக்கரில் இருட்டுவதற்குள் ஒன்றைத்தான் மெஷின் அறுத்ததாம். மற்றது தண்ணீருக்குள் படுத்துவிட்டது.

ஆறாம் நாள் திருமுக்கூடல் போனேன். மெஷின் இறங்க முடியாத சேற்றில் நாலைந்து பேர் கையால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கதிரில் பாதி முளைவிட்டிருந்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். தேவகி அம்மா நிமிர்ந்து பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார். இடுப்பில் செருகியிருந்த இன்னொரு கதிர் அரிவாளை எடுத்து என்னிடம் நீட்டினார். சாயங்காலம் கரையேறும்போது, "நாளிக்கும் வருவியா?" என்று கேட்டார். மூன்று நாள் போனேன்.

மூன்றாம் நாள், முதல் ஏக்கரில் விளைந்த நல்ல நெல் மூட்டைகளை மில்லுக்கு அனுப்ப டிராக்டரில் ஏற்றினோம். நான் ஒன்றைத் தூக்கப் போனபோது மூட்டையின் காதில் ஏதோ கையில் தட்டியது. சிவப்புத் துணி.

"அத்த வுடு நைனா, அது வெத நெல்லு" என்றார்.

எல்லா மூட்டையும் ஒரே சாக்கு, ஒரே கனம், ஒரே நெல். விதைக்கு வைத்தது மில்லுக்குப் போய்விட்டால் அடுத்த வருஷம் கிடையாது. அதனால் விதை மூட்டைக்குத் துணி கட்டுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். எழுதி வைக்கலாமே என்றேன்.

"தூக்கறவன் படிச்சிக்கினா தூக்கறான்? அவன் கைதான தூக்குது. கைக்குத் தெரியணும்" என்றார்.

மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று பங்கில் என்ன நடந்தது என்பதை அப்போதுதான் அவருக்கு முழுதாகச் சொன்னேன். வாய் சரியாகச் சொன்னதையும் கை கேட்காததையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, உன் வண்டியில் மூன்று வாயும் ஒரே மாதிரியா இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மடியிலிருந்த பழைய சிவப்புப் புடவைத் துண்டில் ஒரு கீற்றைக் கிழித்துக் கொடுத்தார். சீல், சலான், மிதவை, தெர்மாமீட்டர் என்று இத்தனை வைத்திருக்கிற எங்கள் தொழிலில் இல்லாத ஒன்று அந்த அம்மாவின் மடியில் இருந்தது. அதை என்னால் ஒரு ஏக்கர் இழந்தவர் எனக்குக் கொடுத்தார்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, டெர்மினலில் பெட்ரோல் ஏறிய சேம்பரின் வால்வில் நானே அதைக் கட்டுவேன். மூன்றும் டீசல் என்றால் அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். ஹோஸ் மாட்டப் போகும்போது துணி கையில் தட்டினால் நின்றுவிடுவேன். கடைசி நாள் லோடில் முதல் சேம்பரில் பெட்ரோல். அவிழ்க்காமல் வந்துவிட்டேன். அதைத்தான் டில்லி சாமியாக்கிவிட்டான்.

இப்போது லாரிக்குப் பூட்டே போனுக்கு வரும் நம்பரைக் கேட்டுத்தான் திறக்கிறது. வயலுக்கே வண்டி போய் டீசல் போடுகிறது. இந்தத் துணி எதற்கு என்று டில்லி கேட்டதில் தப்பில்லை. அவனிடம் கடைசியாக ஒன்று சொன்னேன்: அறுப்பதானால் அறுத்துக்கொள், ஆனால் அதற்கு முன் திருமுக்கூடல் போய் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அறு.

ஒரு வாரம் போயிற்று. பிறகு போன் வந்தது.

"போனேன் அண்ணே. துணியக் காட்டினேன். நைஞ்சிப் போச்சேன்னு வாங்கிப் பாத்துட்டு, புதுசு ஒண்ணு கிழிச்சிக் குடுத்தாங்க. ரெண்டா."

ரெண்டு எதற்கு என்றேன்.

"ஒண்ணு எனக்காம். இன்னொண்ணு எனக்கு அப்பால ஓட்ட வர்றவனுக்காம். ஒங்கள மாதிரி சொல்லாம வந்துடக் கூடாதாம்."